போர்க்காலத்தில் திருச்சபையின் கடமை

திருமுடிவாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் புனித தோமையார் மலை இருக்கிறது. அதன் உச்சியில் 1523 ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட மாதா ஆலயம் உள்ளது. மலையை அடுத்து, தரைப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் அகாடமி உள்ளது. தெற்கே தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. செபமாலை ஏந்தியவர்களையும் துப்பாக்கி ஏந்தியவர்களையும் ஒரே சாலையில் காணும் நமக்கு ஒரு வினா எழுவது இயல்பே. ஒரு நாடு போரில் இறங்கும்போது அந்நாட்டுத் திருச்சபை செய்ய வேண்டியது யாது? படைக்கு ஆசி வழங்கிவிட்டு அமைதியாக இருந்துவிடலாமா?

இதற்குத் திருச்சபையின் போதனை தெளிவான விடை தருகிறது. முதல் உலகப்போரின்போது, 1917 ஆகஸ்ட் முதல் நாள், திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் போரிடும் நாடுகள் அனைத்துக்கும் சமாதான மடல் அனுப்பினார். இரு தரப்பிலும் கத்தோலிக்கர் இருந்தனர். இரு தரப்பாரும் அவர் எதிரியின் பக்கம் சாய்கிறார் என்றே குறை கூறினர். 1963 இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அமைதியைப் பற்றித் தனியே ஒரு சுற்றுமடல் வரைந்தார். 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மூன்று கருத்துகளை வலியுறுத்தியது. மக்களின் பாதுகாப்புக்காகப் படையில் பணிபுரிவோர் அமைதிக்கும் தொண்டு செய்கின்றனர். ஆனால் நகரங்களையும் அங்கு வாழும் மக்களையும் பாகுபாடின்றி அழிப்பது, எக்காரணம் சொல்லப்பட்டாலும், இறைவனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம். மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவர்களையும் சட்டம் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும்.

போதனையை ஏட்டில் படிப்பது எளிது. குண்டு விழும் இடத்தில் அதன்படி நடப்பதோ அரிது. அதை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பாக் நீரிணைக்கு அப்பால், 1983 ஜூலை முதல் 2009 மே வரை இலங்கையில் நடந்த போரே நமக்குப் போதிய பாடம். அந்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் கத்தோலிக்கர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்கள் தமிழ் பேசுகின்றனர். நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் பெரும்பாலும் சிங்களம் பேசுகின்றனர். ஒரே நற்கருணையை உண்பவர்கள் போரின் இரு கரைகளிலும் நின்றார்கள். இவ்வளவு கடினமான தேர்வு எல்லாத் திருச்சபைகளுக்கும் வாய்ப்பதில்லை.

முதற்கடமை: அடைக்கலம்

மன்னார் மறைமாவட்டத்துக் காட்டுக்குள் மடு மாதா திருத்தலம் இருக்கிறது. டச்சுக்காரர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து தப்பிய குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றன என்பது வரலாறு. அகதிகளோடு அகதியாக வந்த அன்னை அவள்! 1990 இல் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் அவளது காலடியில்தான் கூடாரம் அடித்தார்கள். 1999 நவம்பர் 20 ஆம் நாள் அங்கேயே எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது, குருக்கள் அச்சுரூபத்தைத் தேவன்பிட்டி ஆலயத்துக்கு எடுத்துச் சென்றனர். ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது.

ஆலயம் என்றால் குண்டு விழாது என்று மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கை பலமுறை பொய்த்தது. 1995 ஜூலை 9 ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மக்களை விட்டுப் பிரியாத மேய்ப்பர்களும் உயிரிழந்தனர். வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் 1985 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுன், தம் மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் சென்ற சில நாட்களில், 2006 ஆகஸ்ட் 20 ஆம் நாள் காணாமற்போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை.

இரண்டாம் கடமை: உண்மை

அடைக்கலம் கொடுக்க அன்பு போதும். உண்மையைச் சொல்லத் துணிவும் வேண்டும். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அவர் ஆத்திரத்தோடு பேசவில்லை. ஒரு கழித்தல் கணக்கைக் காட்டினார். அரசுக் கச்சேரிப் பதிவுகளின்படி, 2008 அக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் 4,29,059 பேர். போர் முடிந்தபின் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர். இவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் தீர்த்துச் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்க வேண்டும் என்றே கேட்டார். காணாமற்போன ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்பதும் ஒரு மேய்ப்பனின் வேலை. காயினிடம் ஆபேலைப் பற்றி இறைவன் கேட்டதும் இத்தகைய கேள்விதான் அல்லவா?

உண்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதிரி செய்த தீமையைச் சொல்வது எளிது. நம்மவர் செய்த தீமையைச் சொல்வதே கடினம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களைச் சொந்த ஊர்களிலிருந்து விரட்டினர். சிறுவர் சிறுமியரைப் படையில் சேர்த்தனர். 2009 இல் வலைஞர்மடம் ஆலயத்தில் ஒளிந்திருந்த இளைஞர்களையும் இளம்பெண்களையும்கூட வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றனர். தெற்கில் வெற்றிவிழாக் கொண்டாடிய வேளையில் வடக்கின் பிணங்களை நினைப்பது எப்படிக் கடமையோ, அப்படியே வடக்கிலும் தம் இனத்தார் செய்த அநீதியைக் கண்டிப்பது கடமை. ஒரு தரப்பின் கண்ணீரை மட்டும் எண்ணும் செபம் பாதிச் செபமே என்பது நம் கருத்து.

மூன்றாம் கடமை: பிரிந்தோரைச் சேர்த்தல்

எல்லாரும் இனத்தின் பின்னால் ஓடிவிடவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகள் எரிந்தபோது, பல சிங்களக் குடும்பங்கள் அயலாரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தன. ஆலயங்களும் பள்ளிகளும் புகலிடங்களாயின. இயேசு சபைக் குரு பால் காஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் தொடங்கிய ‘சத்யோதய’ நிலையம், சிங்களரையும் மலையகத் தமிழரையும் ஒன்றாக அமரச் செய்து பணிபுரிந்தது. மடுத் திருவிழாவில் இரு மொழியினரும் ஒரே கொடிமரத்தின் கீழ் நிற்பர். 2015 ஜனவரி 14 ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கு வந்தபோது, போரில் உறவினரை இழந்த இரு இனத்தாரும் அவருக்கு முன் கூடியிருந்தார்கள்.

நமக்கு என்ன?

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1987 முதல் 1990 வரை நம் நாட்டுப் படையும் அமைதி காக்கும் படையாக அங்குச் சென்று, விரைவில் போரில் இறங்கியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிர் துறந்தனர். அவர்களுக்கும் தாய்மார் உண்டு. அவர்களுக்காகச் செபிப்பது நம் கடமை. அதே காலத்தில், 1987 அக்டோபர் 21 ஆம் நாள், நம் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டனர். அவர்களுக்காகச் செபிப்பதும் நம் கடமையே. முன்னதை மட்டும் நினைப்பது நாட்டுப்பற்றும் ஆகாது. பின்னதை மட்டும் நினைப்பது நீதியும் ஆகாது. நாட்டை நேசிப்பவர்களே நாடு செய்த தவற்றுக்காக வருந்தவும் கடமைப்பட்டவர்கள். தந்தையோ தமையனோ படையில் பணிபுரியும் மாணவிகளும் நம் நாட்டில் எத்தனையோ பேர். அவர்களது வீரத்தை மதிப்பதற்கும், அந்த வீரம் எளியோர் மீது திரும்பாதிருக்க மன்றாடுவதற்கும் இடையே முரண்பாடு ஏதுமில்லை.

அப்போரில் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றும் தமிழகத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களுள் நம் வயதுப் பெண்களும் உண்டு. பலர் இங்கேயே பிறந்தும் இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள். நல்ல சமாரியன் காயம்பட்டவனிடம், நீ எந்த ஊர், எந்த இனம் என்று கேட்கவில்லை. திருச்சபை என்பது ஆயர்களும் குருக்களும் மட்டுமல்ல. திருமுழுக்குப் பெற்ற நாம் எல்லோரும் சேர்ந்ததே திருச்சபை. ஆகவே அதன் கடமையும் நம் கடமையே.

நம்மால் இயன்றவை சில உண்டு. பள்ளியில் மன்றாட்டு எழுதும்போது நம் வீரர்களின் நலத்துக்காக எழுதுவோம். அடுத்த வரியில், எதிரி என்று சொல்லப்படுவோரின் பிள்ளைகளுக்காகவும் எழுதுவோம். போர்ச் செய்தியைப் படிக்கும்போது, இறந்தவர் எத்தனை பேர், யார் எண்ணினார்கள் என்று கேட்கப் பழகுவோம். முகாமிலிருந்து வரும் மாணவி நம் வகுப்பில் சேர்ந்தால் பக்கத்தில் இடம் கொடுப்போம். நாளை நாம் தாய்மாராகவும் ஆசிரியைகளாகவும் அருட்சகோதரிகளாகவும் ஆகும்போது, பகையைப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டாதிருப்போம். சமாதானம் செய்வோரை இறைவன் தம் மக்கள் என்று அழைப்பார். அப்பேற்றுக்கு நாம் தகுதியுடையோர் ஆவோமாக!