ஷெட்யூலர் எல்லா மெஷினுக்கும் ஒன்றா?

கேள்வி: செல்போனிலும் லினக்ஸ், சர்வரிலும் லினக்ஸ். வேலையைப் பங்கிடும் ஷெட்யூலரும் ஒன்றுதானா? – வாசகர், திருமழிசை

பதில்: அடிப்படை ஒன்றுதான், கணக்கு மாறும். செல்போன் சிப்பில் வலுவான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்திருக்கும். எதில் வேலையைப் போட்டால் பேட்டரி மிச்சமாகும் என்று பார்க்கும் வசதி 2019இல், லினக்ஸ் 5.0இல் சேர்ந்தது. இரண்டு பிராசஸர் உள்ள சர்வரில் கவலை வேறு: வேலையை அடுத்த பிராசஸருக்கு மாற்றினாலும் தரவு பழைய பிராசஸரை ஒட்டிய மெமரியிலேயே கிடக்கும், எடுத்துவரத் தாமதமாகும்.

உங்கள் ஊர் சிட்கோ பட்டறைகளில் ஓடுவது மாதிரியான சிஎன்சி மெஷின் என்றால், வேகத்தைவிட நேரம் தவறாமைதான் உயிர். மோட்டாருக்கான கட்டளை பிந்தினால் பொருளே கெட்டுவிடும். அதற்கென்றே ஆர்டிஓஎஸ் (ரியல்-டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டம்) இருக்கிறது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ பிராசஸர்களிலும் ஆர்டிஓஎஸ், லினக்ஸ் என்ற இந்தப் பிரிவு உண்டு: சிறிய இ-கிளாஸில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆர்டிஓஎஸ் ஓடும், சி-கிளாஸ் லினக்ஸையே தாங்கும். ஃப்ரீஆர்டிஓஎஸ் ஷெட்யூலர் பெரும்பாலும் ‘டாஸ்க்ஸ்.சி’ என்ற ஒரே ஃபைலில் அடங்கிவிடும். ஷெட்யூலரின் கோடைப் பார்க்க ஆசை என்றால், அங்கிருந்தே படிக்கத் தொடங்குங்கள்.