பேனாவும் மைப்புட்டியும்

ஓவியம் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை வண்ணங்களே. வண்ணப் பெட்டி இல்லாதவர் படம் வரைய முடியாது என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ஒரு பேனா, ஒரு புட்டி கறுப்பு மை, ஒரு தாள் ஆகிய மூன்றையும் கொண்டே உயர்ந்த ஓவியங்களைப் படைத்தவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவரான கே. எம். ஆதிமூலம் அவர்களின் வாழ்க்கையையும், கோட்டோவியக் கலையையும் இக்கட்டுரையில் காண்போம்.

கிராமத்திலிருந்து எழும்பூருக்கு

ஆதிமூலம் 1938ஆம் ஆண்டு, திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தார். படம் வரையும் ஆசை ஒன்றையே துணையாகக் கொண்டு 1959இல் சென்னைக்கு வந்தார். சிற்பி எஸ். தனபால் அவருக்கு வழிகாட்டினார். எழும்பூரிலுள்ள அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, 1966இல் படிப்பை முடித்தார். அந்நாளில் அக்கல்லூரியின் முதல்வராக விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1850இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்ற பெயரில் நடந்து வருகிறது.

"படம் போட்டால் சோறு கிடைக்குமா?" இது பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. படத்தை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே. ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவம் அமைக்கும் கலைஞராகப் பணி செய்தார். பகலில் பிழைப்புக்கான வேலை, எஞ்சிய நேரத்தில் தமக்கான ஓவியம் என்று அமைந்த வாழ்க்கையில்தான் அவருடைய கோடுகள் வளர்ந்தன. வேலையைக் காரணம் காட்டி அவர் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை. பேனாவை நம்பி வேலையை உதறிவிடவும் இல்லை.

அவர் வரைந்தவை

1969ஆம் ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு. அதனையொட்டி ஆதிமூலம், காந்தியடிகளின் வாழ்வின் பல பருவங்களையும் ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். அடுத்து மன்னர்களைத் தொடராக வரைந்தார். 1971இல் நம் நாட்டில் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டதை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். ஆதிமூலத்தின் மன்னர்களும் கம்பீரமானவர்கள் அல்லர். தலைப்பாகையும் ஆடையும் இழை இழையாகப் பிரிந்து சிதைவது போன்ற கோடுகளில், பெருமை கழன்று நிற்பவர்கள்.

'நடை', 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களுக்கும் அவர் வரைந்தார். கி. ராஜநாராயணன் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் தீட்டிய கோட்டோவியங்கள், ஓவியக்கூடத்தின் வாசலையே மிதித்திராத வாசகர்களின் வீடுகளுக்கும் சென்றன. தமிழ்ப் புத்தக அட்டைகளின் தலைப்பெழுத்துகளுக்கும் அவர் புதுமையான உருவம் தந்தார். பிற்காலத்தில் தைல வண்ணங்களில் பெரிய ஓவியங்கள் படைத்த அவர், 2008 ஜனவரியில் மறைந்தார்.

கோட்டின் இலக்கணம்

மையில் சாம்பல் நிறம் இல்லை. கறுப்பு உண்டு, தாளின் வெண்மை உண்டு, அவ்வளவே. அப்படியானால் நிழலை எப்படிக் காட்டுவது? கோடுகளை அருகருகே நெருக்கமாக இழுத்தால் இருளும், விலக்கி இழுத்தால் ஒளியும் தோன்றும். ஒரு வரிசைக் கோடுகளின்மேல் குறுக்காக மற்றொரு வரிசையை இழுத்தால் நிழல் அடர்த்தியாகும். புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் வரைவது மற்றொரு முறை. மிக வெளிச்சமான இடத்தில் எதுவுமே வரையாமல் விட்டுவிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்று அறிவதே இக்கலையில் கடினமான பாடம்.

இதழ்கள் கோட்டோவியத்தை விரும்பியதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், படத்தைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தால் அரித்து, பிளாக் செய்வார்கள். மேடாக நிற்கும் கோடுகள் மட்டும் மையை ஏற்கும். ஆகவே தெளிவான கறுப்புக் கோடே சாதாரணத் தாளிலும் நன்றாக விழுந்தது. 1906இல் தொடங்கப்பட்டு மகாகவி பாரதியார் நடத்திய 'இந்தியா' வார இதழின் காலத்திலேயே தமிழ் இதழ்களில் கேலிச்சித்திரம் இடம்பெற்றுவிட்டது. எம்.கே.பி. நகர் என்று நாம் சுருக்கிச் சொல்வது அந்த மகாகவி பாரதியின் பெயரைத்தான்!

கோடு நமக்குப் புதியதும் அன்று. நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையில் கீறி, கரியைத் தடவி எழுத்தைத் துலங்கச் செய்தார்கள். நம் தாய்மார் வாசலில் புள்ளி வைத்து, கை நடுங்காமல் இழை இழுக்கிறார்கள். உலகின் மறுகோடியில், 1888இல் பிரான்சு நாட்டின் ஆர்ல் நகரில் வான்கோ என்ற ஓவியர் நாணல் பேனாவை மையில் தோய்த்து வயல்களை வரைந்தார். எல்லாம் ஒரே குடும்பம்.

மாணவியர் மற்றொரு பெயரையும் அறிய வேண்டும். டி. கே. பத்மினி கேரளத்திலிருந்து வந்து அதே எழும்பூர்க் கல்லூரியில் பயின்றவர். சென்னையில் பள்ளி ஓவிய ஆசிரியையாகவும் பணியாற்றியவர். 1940இல் பிறந்து 1969இலேயே மறைந்த அவர், அக்குறுகிய வாழ்நாளில் ஏராளமான கோட்டோவியங்களை விட்டுச் சென்றார்.

நாம் செய்யக்கூடியவை

நம்மைச் சுற்றியே வரைவதற்கு எவ்வளவோ உள்ளன. தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்கும் குடங்கள், வியாசர்பாடி ஜீவா நிலையத்தின் தண்டவாளங்கள், 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், காசிமேட்டுப் படகுகள், காய் நறுக்கும் அம்மாவின் கைகள் இவையெல்லாம் நமக்குப் பாடங்களே.

1. நாளுக்கு ஒரு சிறிய படம் போதும். அடியில் தேதி குறிக்க வேண்டும்.
2. பென்சிலும் ரப்பரும் இன்றி நேராக மையில் தொடங்க வேண்டும். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கண் கூர்மையாகப் பார்க்கும்.
3. சரியாக வராத தாளைக் கிழிக்கக் கூடாது. சென்ற மாதப் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நமக்குக் கிடைக்கும் மதிப்பெண்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இவர்கள் எல்லோரும் ஓவியர் ஆகப்போவதில்லை. ஆயினும் கால் மணி நேரம் ஒரு பொருளைப் பொறுமையாக உற்று நோக்கிப் பழகிய பெண், நோயாளியைக் கவனிக்கும் செவிலியாகவோ, இயந்திரத்தைப் பரிசோதிக்கும் பொறியாளராகவோ, பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆசிரியையாகவோ ஆகும்போது, மற்றவர் காணாததைக் காண்பாள். அதற்காகும் செலவு ஒரு பேனாவும் ஒரு புட்டி மையுமே.