தலைவன் இல்லாத வலையில் யாரை நம்புவது?

மாணவர்களே, ஈஜோக்கிலிருந்து அதிகத் தூரமில்லாத கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுசேர்ந்து மின்னுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தாளம் போட அங்கே தலைவன் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் மின்னுவதைப் பார்த்துத் தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் ஒளியாலும் பொய் சொல்லலாம். அமெரிக்காவில் ஃபோட்டூரிஸ் இனப் பெண் மின்மினி, வேறோர் இனத்துப் பெண்ணைப்போல மின்னி, நம்பி வரும் ஆணைத் தின்றுவிடும்.

தலைமைக் கணினி இல்லாத வலையமைப்பிலும் இதே சிக்கல்தான். 2001-இல் பிராம் கோகன் உருவாக்கிய பிட்டாரண்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய கோப்பு பல துண்டுகளாக, முன்பின் அறியாதவர்களின் கணினிகளுக்கிடையே கைமாறுகிறது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பது மனிதர் அல்லர். அவருக்காக இயங்கும் நிரல். இத்தகைய நிரலை மென்பொருள் முகவர் என்பர்.

வந்த துண்டு போலியா? இதற்கு நம்பிக்கையே தேவையில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற ஓர் எண் முன்பே கணக்கிடப்பட்டிருக்கும். எண் பொருந்தாவிட்டால் துண்டு குப்பைக்கு!

வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவரை என்ன செய்வது? இதுதான் கடினம். நிரல் 10 விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறது: எனக்கு வேகமாகத் தருபவர் யார்? முன்னணியில் உள்ள சிலருக்கே, வழக்கமாக நால்வருக்கு, தானும் தருகிறது. அப்படியானால் கையில் ஒன்றுமில்லாமல் வரும் புதியவர் எப்படித் தொடங்குவார்? அதற்காக 30 விநாடிக்கு ஒருமுறை, குருட்டாம்போக்கில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சும்மாவே கொடுத்துப் பார்க்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. யாராவது முதலில் கொடுக்காமல் கணக்கே தொடங்காதே!

இந்த யோசனை பழையது. ராபர்ட் அக்செல்ராட் நடத்திய கணினிப் போட்டியின் முடிவு 1980-இல் வெளிவந்தது. அறிஞர்கள் அனுப்பிய 14 நிரல்களில் வென்றது அனத்தோல் ரப்பபோர்ட்டின் நிரல். இருப்பதிலேயே குட்டையானதும் அதுதான். முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன முறை செய்ததையே செய். அவ்வளவுதான்.

ஓர் ஓட்டை உண்டு. இணையத்தில் புதுப்பெயர் இலவசம். ஏமாற்றியவர் வேறு பெயரில் வந்தால் பழைய கணக்கு செல்லாது. ஆகவே புதியவரிடம் சிறிதளவே கொடுத்துப் பார்ப்பது பாதுகாப்பு.

செய்து பாருங்கள்: இரு நண்பர்கள் மறைத்து 'கொடு' அல்லது 'ஏமாற்று' என எழுதட்டும். இருவரும் கொடுத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, மற்றவருக்கு 0. ஒருமுறை '10 சுற்று' என்று முன்கூட்டியே சொல்லி ஆடுங்கள். மறுமுறை எத்தனை சுற்று என்று சொல்லாமல் ஆடவிட்டு, 10 சுற்றில் நிறுத்துங்கள். இரண்டு ஆட்டங்களிலும் கடைசிச் சுற்றில் என்ன எழுதினார்கள் என்று ஒப்பிடுங்கள்.