திரண்டால் ஒளிரும்

உரைநடை

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவிலும் மூணாறுச் சந்தையிலும் கடைக்காரர் சிலர் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் புற ஊதா விளக்கின்கீழ் வைத்துப் பார்ப்பதுண்டு. தாளின் பாதுகாப்பு இழை பளிச்சென ஒளிரும். ஒளிர வேண்டும் என்றே சேர்க்கப்பட்ட பொருள் அதில் இருப்பதால் அதில் வியப்பில்லை. ஒளிர்வதற்கான உறுப்பு எதுவும் இல்லாத பொருள் ஒளிர்ந்தால் அதனை எவ்வாறு விளக்குவது? இப்பாடம் அவ்வினாவைப் பற்றியது.

ஒரு மூலக்கூறு புற ஊதாக் கதிரை உட்கொள்ளும்போது அதன் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குச் செல்கிறது. அது கீழிறங்கும்போது ஆற்றலின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிப்படலாம். இதற்கு ஏற்ற மூலக்கூறுகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்திருக்கும். பென்சீன் வளையம் இதற்கு நல்ல சான்று. இவ்வமைப்பை இணைவுப் பிணைப்பு என்பர். இடுக்கியின் அடிவாரத் தோட்டங்களில் வடிக்கப்படும் ரப்பர்ப் பாலிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஆனால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பல ஒற்றைப் பிணைப்புகள் குறுக்கிடுகின்றன. எனவே ரப்பர் இணைவுப் பிணைப்பற்ற பலபடி ஆகும். அரிசியின் மாவுப்பொருளும் பருத்தியின் செல்லுலோசும் அவ்வகையினவே. நூல்களின் கணக்குப்படி இவை கண்ணுக்குத் தெரியுமாறு ஒளிரக்கூடாது.

எனினும், சீன நாட்டின் சாங்காய் நகர ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் அரிசி, மாவுப்பொருள், செல்லுலோசு ஆகியவை புற ஊதாக் கதிரின்கீழ் ஒளிர்வதை வெளியிட்டனர். பாலக்காட்டுக் களத்துமேட்டில் குவிந்து கிடக்கும் நெல்மணிக்குள் இப்படியொரு நீலச் சாயல் ஒளிந்திருப்பதை நம் முன்னோர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

உடனே ஓர் ஐயம் எழுந்தது: அது மாசின் ஒளியாக இருக்கலாமே! ஐயம் நியாயமானதே. அரிசியில் புரதமும் உண்டு. புரதத்தின் சில பகுதிகளில் பென்சீன் வளையம் உண்டு. ஆகவே அரிசி மட்டும் போதிய சான்றாகாது. மலைப்பகுதிக் குளிருக்கு அணியும் அக்ரிலிக் கம்பளியின் மூலப்பொருளான பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கைப் பலபடியை 2016இல் ஆராய்ந்தனர். நீர்த்த கரைசலில் அது ஒளிரவில்லை. செறிந்த கரைசலிலும் தூளிலும் மென்படலத்திலும் ஒளிர்ந்தது. மாசே காரணமாயின், கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் ஒளியும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். இங்கோ அதனினும் மிக விரைவாக ஒளி மறைகிறது. ஒளி பொருளின் அளவைவிட அதன் நெருக்கத்தையே சார்ந்திருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

மாசு என்னும் ஐயம் நம் மண்ணின் மைந்தர் ஒருவருக்கும் பழக்கமானதே. கே. ஆர். இராமநாதன் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். விக்டோரியா கல்லூரியில் பயின்றவர். கொல்கத்தாவில் சர். சி. வி. இராமனுடன் பணியாற்றியபோது, 1923இல் நீர்மங்களின் வழியே ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தார். வந்த ஒளியின் நிறத்தோடு வேறொரு நிறமும் மிக மெல்லியதாகக் கலந்திருந்தது. மாசினால் எழும் ஒளிர்வு என்று முதலில் கருதப்பட்டது. நீர்மத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தும் அது நீங்கவில்லை. பிறகு வெங்கடேசுவரன் கிளிசரினில் அதனைத் தெளிவாகக் கண்டார். 1928 பிப்ரவரி 28 அன்று அது ஒளிர்வன்று, புதுவகைச் சிதறல் என்று உறுதியாயிற்று. அதுவே இராமன் விளைவு. நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும் அந்நாள் இராமநாதனின் பிறந்தநாளும் ஆகும் என்பதைப் பாலக்காட்டு மாணவர்களே பலர் அறியார். அவர் கண்டது சிதறல். அரிசியில் காண்பது ஒளிர்வு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது. வடித்தும் போகாத ஒளியைப் புறக்கணிக்காமல் குறித்து வைத்தாரே, அந்தப் பண்பையே இங்கு நோக்க வேண்டும்.

திரளொளிர்வு எவ்வாறு நிகழ்கிறது? இப்பலபடிகளில் ஆக்சிஜன் அல்லது நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவற்றில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டைகள் இருக்கின்றன. சங்கிலிகள் தொலைவில் இருக்கும்போது அவை தனித்தனியே கிடக்கும். சங்கிலிகள் திரண்டு நெருங்கினால், பிணைப்பு ஏதும் இன்றியே, வெளியினூடே அவற்றின் எலக்ட்ரான் முகில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நெருக்கத்தால் சங்கிலிகளின் அசைவும் அடங்குகிறது; அதனால் ஆற்றல் வெப்பமாக வீணாவது குறைகிறது. திரள்கள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால், செலுத்தும் கதிரின் அலைநீளத்தை மாற்றினால் வெளிவரும் நிறமும் மாறக்கூடும். பல சாயங்களின் இயல்பு இதற்கு நேர்மாறு: நெருங்கினால் அவற்றின் ஒளி மங்கும். திரண்டால் ஒளிரும் வேறு சில மூலக்கூறுகளை 2001இல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழுவினர் அறிவித்த பிறகே இத்துறையில் ஆர்வம் பெருகியது. திரளொளிர்வின் நுட்பங்களைப் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. உயிரணுக்களைப் படம்பிடிக்க, நச்சுத்தன்மை குறைந்த ஒளிர்பொருளாக இவை பயன்படுமா என்றும் ஆராய்கின்றனர்.

சொற்பொருள்
திரள் – கூட்டம், குவியல்
பலபடி – சிறு மூலக்கூறுகள் பல தொடராக இணைந்த பெருமூலக்கூறு
நீர்த்த – செறிவு குறைந்த
முகில் – மேகம்; இங்கு எலக்ட்ரான் பரவியிருக்கும் பகுதி

பயிற்சி
1. ரப்பர் ஏன் இணைவுப் பிணைப்பற்ற பலபடி எனப்படுகிறது?
2. அரிசி மட்டும் போதிய சான்றாகாது என்று ஆசிரியர் கூறுவது ஏன்?
3. ஒளிர்வு, சிதறல், எதிரொளிப்பு ஆகிய சொற்களை வேறுபடுத்திச் சொந்தத் தொடர்களில் எழுதுக.
4. 'திரள்' என்னும் வினையடியிலிருந்து வினைமுற்று, பெயரெச்சம், வினையெச்சம் ஆகியவற்றை உருவாக்குக.
5. உங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரின் மேற்பார்வையில் அரிசி, உப்பு, வெள்ளைத் தாள் ஆகியவற்றைப் புற ஊதா விளக்கின்கீழ் கண்டு, கண்டதை மட்டும் பத்து வரிகளில் எழுதுக. விளக்கை நேராக நோக்காதீர். தாளில் ஒளிரூட்டும் பொருள் சேர்த்திருக்கலாம் என்பதையும் நினைவிற்கொள்க.