மறக்கப் போற நேரத்துல கேள்வி கேட்கிற ஆப்

ராத்திரி முழுக்க உருப்போட்டுட்டு, காலையில ஹாலில் உட்கார்ந்து முழிக்கிற தம்பி தங்கச்சிகளா, போனில் ஆங்கிட்ராய்ட் ஆப்பை இறக்கிக்கோங்க. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் இருக்கிற ஆங்கிமொபைலுக்குத்தான் காசு. இதே மாதிரி பேரில் வேற ஆப்களும் இருக்கு, பார்த்து இறக்குங்க.

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில்னு கார்டு போட்டுட்டா, எதை என்னைக்குத் திரும்பக் காட்டணும்னு ஆப்பே கணக்குப் போடும். அதோட பழைய கணக்கு 1987-ல் போலந்துக்காரர் பியோட்டர் வோஸ்னியாக் போட்ட சூத்திரத்திலிருந்து வந்தது. அப்புறம் எஃப்எஸ்ஆர்எஸ்னு மெஷின் லேர்னிங் முறை சேர்ந்துச்சு. நீங்க எதை எத்தனை நாளில் மறக்கிறீங்கன்னு உங்க பழைய பதில்களை வச்சே அது கத்துக்கும். டெக் ஆப்ஷன்ஸில் அது ஆன்ல இருக்கான்னு பாருங்க. மாசம் ஒரு தடவை 'ஆப்டிமைஸ்' தட்டினா போதும்.

பட்டன்தான் முக்கியம். பதில் ஞாபகம் வரலையா, 'அகெய்ன்' அமுக்குங்க. மனசு கேட்காம 'ஹார்ட்' அமுக்குவீங்க, தெரியும்! 'ஹார்ட்'னா கஷ்டப்பட்டாவது சொல்லிட்டீங்கன்னு அர்த்தம். தெரியாததுக்கு அதை அமுக்கினா, உங்களுக்குத் தெரியும்னு நம்பி அந்தக் கார்டை ரொம்ப நாள் தள்ளிப் போட்டுடும்.

கார்டைச் சின்னதா போடுங்க. 'வைட்டமின்கள் பற்றி எழுதுக'ன்னு போட்டா, நாலு ஞாபகம் வந்து ஒண்ணு விட்டுப்போனா எந்தப் பட்டனை அமுக்குவீங்க? 'ரத்தம் உறைய உதவுற வைட்டமின் எது?' கே. 'மாலைக்கண் எந்த வைட்டமின் குறைஞ்சா வரும்?' ஏ. அவ்வளவுதான். புரியாத பாடத்துக்குக் கார்டே போடாதீங்க, முதல்ல டீச்சர்கிட்ட கேளுங்க.

எத்தனை சதவீதம் ஞாபகம் இருக்கணும்னு ஆப் கேட்கும். 90-லேயே விட்டுடுங்க. ஆசைப்பட்டு 97 வச்சா தினமும் வர்ற கார்டு மலையா குவியும், ஒரே வாரத்துல ஆப்பையே தூக்கிடுவீங்க. புதுக் கார்டும் நாளைக்கு 20-னு இருக்கும். ஸ்கூல், டியூஷன்னு அலையறவங்க 10 ஆக்கிக்கோங்க.

பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருக்குன்னா இந்த வேலையே வேண்டாம். பழைய கேள்வித்தாளை எடுத்து எழுதிப் பாருங்க, ஆப்பை அடுத்த டேர்முக்குப் பார்த்துக்கலாம்.