நிமிடம் யார் கணக்கில்?

சென்ற மாதம் நம் சங்கத்தில் நடந்த மூத்தோர் கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார்: “சர்க்கார் தவாக்கானாவுக்குப் போனால் அரை நாள் போய்விடுகிறது. யாரிடம் புகார் செய்வது?” அங்கே பதில் சொல்ல நேரம் போதவில்லை. புகார் எழுதுவதில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. அது பெருமைப்படத்தக்கதல்ல. ஆனாலும் அதிலிருந்து நான் கற்றது மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் பாடமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் சேர்ந்து, சீனியர் செக்ஷன் இஞ்சினீயராக ஓய்வு பெற்றவன். ஆகவே இதில் மருத்துவம் குறைவாகவும் ரயில் கொஞ்சம் அதிகமாகவும் இருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

புகார்ப் புத்தகம்

மாமனார் காலமான பிறகு என் மாமியார் எங்களோடு வந்து தங்கினார். ரயில்வே மருத்துவ அட்டையில் மாமியாருக்கு இடமில்லை. எனவே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் வாங்கி வந்தோம். பக்கத்து வீட்டு அம்மாளோடு அவரே போய் வந்துவிடுவார்.

ஒரு மாதம் கிளிமிபிரைடு மாத்திரை வேறு கம்பெனியிலிருந்து வந்திருந்தது. அட்டையின் நிறம் வேறு. பழைய அட்டையில் சில மாத்திரைகள் மீதி இருந்தன. மாமியார் இரண்டையும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டிலும் ஒன்று எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை சமையலறையில் வியர்த்து, கை நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நினைவு இருந்ததால் என் மனைவி உடனே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். சற்று நேரத்தில் தெளிந்தார். ஒருவரும் அருகில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

அன்றே நிலையத்துக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். மருந்து கொடுக்கும் பெண்ணின் கவனக்குறைவு, உயிருக்கு ஆபத்து, கண்டிப்பான நடவடிக்கை தேவை. சார்ஜ் ஷீட்டுகளைப் பார்த்துப் பழகிய கை அல்லவா, வாசகம் நன்றாகவே அமைந்தது.

நான்கு நாள் கழித்து நிலையத்தின் டாக்டர், என் மகள் வயதுப் பெண், என்னைக் கூப்பிட்டனுப்பினார். “அங்கிள், நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். எடுக்கிறேன். அதற்கு முன் ஒரு வாரம் தினமும் காலையில் இங்கே வந்து உட்கார்ந்து பார்ப்பீர்களா?” என்றார்.

போய் உட்கார்ந்தேன். பதிவுச்சீட்டு எழுதும் எழுத்தர் பதவி காலியாக இருந்தது. அதையும் அந்த மருந்தாளுநர்ப் பெண்ணே பார்த்தாள். காலையில் சீட்டு எழுதிவிட்டு, பிறகு ஓடிப்போய் மருந்து ஜன்னலைத் திறப்பாள். அதற்குள் டாக்டரைப் பார்த்துவிட்டவர்கள் அங்கே வரிசையாக நிற்பார்கள். நிறம் மாறிய அட்டையைக் கொடுக்கும்போதெல்லாம் “யே வஹீ கோலீ ஹை” என்று சொல்லித்தான் கொடுத்தாள். அதே மாத்திரைதான் என்று இந்தியில் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கேட்டேன். “அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுச்சு மாப்பிள்ளை. பின்னாடி அத்தனை பேர் நிக்கிறாங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன்” என்றார்.

ரயில்வேயில் கற்றதும் கற்காததும்

ரயில் தாமதமானால் ஒவ்வொரு நிமிடத்தையும் ஏதாவது ஓர் இலாகாவின் கணக்கில் எழுதுவார்கள். பிரேக் பிடித்து வண்டி 20 நிமிடம் நின்றால், அது எஞ்சின் கோளாறா, பெட்டியின் கோளாறா என்று கண்ட்ரோல் ஆபீஸோடு மணிக்கணக்கில் வாதாடுவோம். என் இலாகாவின் மேல் நிமிடம் விழாமல் காப்பாற்றினால் அன்று எனக்கு நல்ல நாள். வண்டியில் இருந்தவருக்கோ நிமிடம் எவர் கணக்கில் இருந்தால் என்ன, 20 நிமிடம் போனது போனதுதான்.

என் புகாரும் அப்படித்தான். நிமிடத்தை யார் கணக்கில் எழுதலாம் என்று தேடினேனே தவிர, அது எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. நோயாளிகளும் ஊழியர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதுதான் மருத்துவ நிலையத்தைத் திருத்தும் வழி. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவே.

இது புதிய யோசனை அல்ல

திருக்குறளில் ‘மருந்து’ 95-ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவன். நோயாளியை முதலில் வைத்து எண்ணியிருப்பதையும், ஊழியம் செய்பவரை விட்டுவிடாததையும் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1972-இல் பீட்டர் பிரிட்சர்டு என்ற டாக்டர் பெரின்ஸ்ஃபீல்டு கிராமத்தில் தம் நோயாளிகளைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். இத்தகைய குழுக்கள் மெல்லப் பரவின. 2015 முதல் இங்கிலாந்தின் ஒவ்வொரு பொது மருத்துவ நிலையமும் இப்படி ஒரு நோயாளர் குழுவை வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதியாயிற்று.

நம் நாட்டில் 1994-இல் சூரத்தில் பிளேக் வந்தது நினைவிருக்கும். அந்த அச்சத்தின் எதிரொலியாக, எலிகள் நிறைந்திருந்த இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையைச் சுத்தம் செய்ய அரசு நிர்வாகமும் பொதுமக்களும் கைகோத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ரோகி கல்யாண் சமிதி’. (இந்தியில் கல்யாண் என்றால் நலம். “நோயாளிக்குக் கல்யாணமா?” என்று என் மாமியார் கேட்டார்!) 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் இதை நாடு முழுவதும் கொண்டுசென்றது. 2013-இல் நகர்ப்புற இயக்கம் வந்தபோது 50 முதல் 100 குடும்பங்களுக்கு ஒரு மகிளா ஆரோக்ய சமிதி என்று திட்டமிட்டார்கள். 2023-இல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாறிய நிலையங்களுக்கு ஜன ஆரோக்ய சமிதி உண்டு.

ஆக, சட்டமும் ஏற்பாடும் இருக்கின்றன. பல இடங்களில் கூட்டம் காகிதத்தில் மட்டும் நடக்கிறது. அதை மேஜைக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை.

எங்கள் கூட்டம்

அந்த டாக்டரின் முயற்சியால் மாதம் ஒருமுறை, நோயாளிகள் போன பிறகு, ஒரு மணி நேரம் கூடினோம். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், ஆஷா பணியாளர், துப்புரவுப் பணியாளர். எங்கள் பக்கம் ஓர் ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்யும் இரண்டு பெண்கள், ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியர், நான்.

முதல் கூட்டத்தில் அந்த மருந்தாளுநர்ப் பெண் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கூட்டம் முடிந்ததும் புகார்ப் புத்தகத்தை வாங்கி, என் பழைய பக்கத்தின் அடியில், “மேலே எழுதியது முழு விவரம் அறியாமல் எழுதியது, இவர் தவறு அல்ல” என்று எழுதிக் கையெழுத்திட்டு அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, “நானி எப்படி இருக்கிறார்?” என்று மட்டும் கேட்டாள்.

முதல் பாடம்: எண்ணுங்கள்

சீட்டிலேயே மூன்று நேரங்களைக் குறித்தோம்: வந்த நேரம், டாக்டர் அறைக்குள் போன நேரம், மருந்து கைக்கு வந்த நேரம். வண்டி எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நின்றது என்று பார்ப்பது போலத்தான். யாரையும் குற்றம் சொல்லாமல் நிமிடம் போன இடம் தெரிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. டாக்டர் 9 மணிக்கு உட்காருகிறார், 60 பேர், ஒருவருக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 60 பேரும் 9 மணிக்கே வந்துவிட்டால் முதல்வர் காத்திருக்க வேண்டியதில்லை. கடைசி ஆள் 177 நிமிடம் காத்திருப்பார். சராசரி சுமார் ஒன்றரை மணி. அதே 60 பேர், 9-க்கு 20 பேர், 10-க்கு 20, 11-க்கு 20 என்று வந்தால் சராசரி அரை மணிக்கும் குறைவு. டாக்டர் கூடுதலாக ஒரு நிமிடமும் உழைக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. கூட்டம் நெரியாமல் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

இதுவும் என் கண்டுபிடிப்பல்ல. இங்கிலாந்தில் நார்மன் பெய்லி என்பவர் வெளிநோயாளர் காத்திருப்பை 1952-இலேயே கணித முறையில் ஆராய்ந்தார். டாக்டர் உட்காரும்போது இருவர் தயாராக இருக்கட்டும், பிறகு சராசரிப் பார்வை நேரத்துக்கு ஒருவராக வரட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நாங்கள் மூன்று நிற டோக்கன் வைத்தோம். நான் போட்ட திட்டத்தில் மூத்தோருக்கு முதல் டோக்கன். வீட்டு வேலை செய்யும் பெண்களில் ஒருவர் கேட்டார்: “பாபுஜி, உங்களுக்கு 11 மணிக்கு வந்தால் என்ன? எனக்குப் பாதி நாள் கூலி போய்விடுமே.” நான் வெட்கப்பட்டுத் திட்டத்தை மாற்றினேன். முதல் டோக்கன் கூலிக்குப் போகிறவர்களுக்கு. கடைசி டோக்கன் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு. கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல், கைக்குழந்தை இவற்றுக்கு டோக்கனே கிடையாது, நேரே உள்ளே. மேஜையில் அந்தப் பெண் இல்லாதிருந்தால் இது என் புத்திக்கு எட்டியிருக்காது.

இன்னொரு சிறு விஷயம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நாள். அன்று சர்க்கரை மாத்திரைக்குப் போய் நின்றால் இருவருக்குமே கஷ்டம். தேதி பார்த்துப் போனாலே போதும்.

இரண்டாம் பாடம்: திருப்பிச் சொல்லுங்கள்

இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் லைன் கிளியர் கொடுக்கும்போது ‘சரி, சரி’ என்று மட்டும் சொல்லி முடிப்பதில்லை. பிரைவேட் நம்பர் சொல்லி, அதை எழுதிக்கொண்டு உறுதிசெய்வார்கள். கேட்டதாகத் தலையாட்டுவதை ரயில்வே நம்புவதில்லை. நாம் ஏன் மருந்து ஜன்னலில் நம்பவேண்டும்?

இப்போது அந்தப் பெண், “வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்கிறாள். எந்த மொழியிலும் விரலால் காட்டினாலும் போதும். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா படம் ஒட்டிய உறை. அட்டையின் நிறம் மாறினால் பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டிலும் உள்ள மருந்துப் பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது. இவை எல்லாம் அவள் சொன்ன யோசனைகள். அவளிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

மூன்றாம் பாடம்: எல்லை தெரிய வேண்டும்

குழுவில் எவருடைய நோயையும் பேசக்கூடாது. மொழிபெயர்க்கப் போகிறவர் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இந்தி நன்றாகப் பேசுகிறான் என்று தாயின் உடல்நலத்தை அவன் வாயால் சொல்ல வைப்பது சரியல்ல. தாய் பாதியை மறைத்துவிடுவாள். பெண்களுக்குப் பெண்களே துணை போகட்டும்.

காலிப் பதவியைத் தொண்டர்களை வைத்து நிரப்புவதும் குழுவின் வேலையல்ல. எங்கள் நேரக் குறிப்புகளை இணைத்து, டாக்டரும் நோயாளிகளும் சேர்ந்து கையெழுத்திட்டு மேலிடத்துக்கு எழுதினோம். ஏழு மாதம் கழித்து ஓர் எழுத்தர் வந்தார், வாரத்தில் மூன்று நாளுக்கு மட்டும். வரிசை மறைந்துவிடவில்லை. மழைக்காலக் காய்ச்சல் பரவினால் டோக்கன் கணக்கெல்லாம் குலைந்துபோகிறது. ஆனால் அது ஏன் குலைந்தது என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. உங்கள் நிலையத்தில் எந்த சமிதி இருக்கிறது, எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் டாக்டரிடமே பேசுங்கள்.
2. போகும்போது மூன்று நேரங்களைக் குறித்து வாருங்கள். ஒரு மாதக் குறிப்பு ஒரு பக்கப் புகாரைவிட வலியது.
3. சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி முதியோரின் பையில் வையுங்கள்.
4. இந்தி, மராத்தி தெரிந்த நம் சங்கத்துப் பெண்கள், வாரத்தில் ஒரு காலை துணைக்குப் போக முடியுமானால் மூத்தோர் கூட்டத்தில் பெயர் கொடுங்கள்.

என் மாமியார் இப்போது ஜன்னலில் நின்று, தமிழிலேயே, “காலையில இது, ராத்திரி இது, பழசைத் தொடக்கூடாது” என்று விரல்விட்டுச் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கவனமாகக் கேட்டுவிட்டு, ‘சரி’ என்கிறாள். அந்த ஒரு வார்த்தையை மாமியார்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தாராம்.