நாலெழுத்து ஜப்பான் சொற்களும் நம்ம கடன் அட்டையும்



"சிறு துளி பெரு வெள்ளம்." இதைச் சொல்லாத ஊக்குநர் நம் கூட்டமைப்பில் கிடையாது. எண்ணிப் பார்த்தால் நாலே சொல். "ஊர் கூடித் தேர் இழுக்கணும்", அதுவும் நாலு. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு", அதுவும் நாலுதான். நாம் நாலு சொல்லில் சொல்வதை ஜப்பான் நாட்டுக்காரர்கள் நாலே எழுத்தில் சொல்லி விடுகிறார்கள்.

அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நம் எழுத்து ஒலியைத்தான் காட்டும். அவர்கள் சீனாவிலிருந்து எடுத்துக் கொண்ட எழுத்துக்களில் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பொருள் உண்டு. மலைக்கு ஒரு எழுத்து, ஆளுக்கு ஒரு எழுத்து, நாளுக்கு ஒரு எழுத்து. அப்படி நாலைச் சேர்த்து வைத்தால் ஒரு பழமொழி ஆகிவிடும். இதற்கு 'யோஜி ஜுகுகோ' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள், தூரிகையால் எழுதிச் சுவரில் மாட்டுகிறார்கள். சுமோ மல்யுத்த வீரர்கள் பெரிய பட்டத்தை ஏற்கும்போது இப்படி ஒரு சொல்லைச் சொல்லி உறுதி கூறுவதும் உண்டு. நாம் கூட்டம் தொடங்கும்போது உறுதிமொழி சொல்கிறோமே, அது மாதிரி.

ஆயிரக்கணக்கில் இருக்கும் இந்தச் சொற்களில் நம் குழுவுக்கு ஆகிற நாலை மட்டும் இங்கே எடுத்துக் கொள்வோம்.

முதலில் சிரிப்பதற்கு ஒன்று. 'மிக்கா போசு', அதாவது மூன்று நாள் சாமியார். துறவியாகப் போகிறேன் என்று மொட்டை போட்டுக் கொண்டு மடத்துக்குப் போனவர், விடியற்காலை எழுப்பியதும் ஒருவேளைக் கஞ்சியும் தாங்காமல் மூன்றாம் நாளே வீடு திரும்பிவிட்டாராம். தையல் பயிற்சிக்கு முப்பது பேர் பெயர் கொடுத்து, இரண்டாவது வாரம் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எங்களுக்கு இந்தச் சாமியார் நினைவுதான் வரும். நம்ம பக்கத்தில் இதை ஆரம்ப சூரத்தனம் என்போம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்த சொல்தான் முக்கியமானது. 'சோசன் போஷி'. காலையில் மூன்று, மாலையில் நாலு என்று பொருள். இதன் பின்னால் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழமையான ஒரு சீனக் கதை இருக்கிறது.

ஒருவர் நிறையக் குரங்குகள் வளர்த்தார். வீட்டில் தீனி குறைந்து போனது. குரங்குகளைக் கூப்பிட்டு, "இனிமேல் காலையில் மூணு கொட்டை, சாயங்காலம் நாலு கொட்டை" என்றார். குரங்குகளுக்குக் கோபம் வந்து குதித்தன. "சரி சரி, காலையில் நாலு, சாயங்காலம் மூணு" என்றார். எல்லாம் சந்தோஷமாகி விட்டன. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஏழுதான். மேலோட்டமான மாற்றத்தைப் பார்த்து ஏமாறுவதற்கும், பேச்சை மாற்றிப் பேசி ஏமாற்றுவதற்கும் ஜப்பானில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது நம்ம தெருவுக்கு வருவோம். "வாரம் 260 ரூவாதான் அக்கா, பூ வித்த காசுல கட்டிரலாம்" என்று சொன்னால் லேசாகத் தெரிகிறது. "மாசம் 1,120" என்றால் யோசிக்கிறோம். ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கடன்தான். 12,000 ரூபாய் வாங்கி ஒரு வருடத்தில் 13,440 திருப்பிக் கட்டுவதை 12 ஆகப் பிரித்தால் 1,120, 52 ஆகப் பிரித்தால் 260-க்குக் கொஞ்சம் கம்மி.

இதைவிடப் பெரிய விஷயம் வட்டியில் இருக்கிறது. "நூத்துக்கு ஒரு ரூவா வட்டி" என்று இரண்டு இடத்தில் சொல்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். முதல் இடத்தில் பிளாட் வட்டி. நீங்கள் அசலில் எவ்வளவு கட்டி முடித்திருந்தாலும் கடைசி மாதம் வரை முழு 12,000-க்கும் வட்டி போடுவார்கள். மாதம் 120 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 1,440 ரூபாய். இரண்டாவது இடத்தில் நிலுவைக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் 12,000-க்கு 120, அசல் ஆயிரம் கட்டியபின் 11,000-க்கு 110, அடுத்து 100 என்று குறைந்து கொண்டே வந்து கடைசி மாதம் வெறும் 10 ரூபாய். மொத்தம் 780 ரூபாய். சொன்ன வட்டி ஒன்றுதான், ஆனால் கையை விட்டுப் போவதில் 660 ரூபாய் வித்தியாசம். இத்தனைக்கும் பிளாட் வட்டிக்காரர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். இது போக, பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று முதலிலேயே பிடித்துக் கொண்டால், கைக்கு வருவது 11,500 ஆக இருக்கும், வட்டி 12,000-க்குக் கட்டுவோம்.

2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த நுண்கடன் விதிகளின்படி, கடன் தருகிறவர் எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குரங்குகளை முழு முட்டாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. காலையில்தான் பசி அதிகம் என்றால் காலையில் நாலு கேட்பதில் நியாயம் இருக்கிறது. மொத்தம் எவ்வளவு என்பதைப் போலவே, எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். திருச்சுழி பக்கம் மானாவாரி வெள்ளாமைக்காரர்கள் புரட்டாசி, ஐப்பசியில் கடன் வாங்கி விதைக்கிறார்கள். பருத்தியோ மல்லியோ உளுந்தோ கைக்கு வருவது தை, மாசியில். கார்த்திகை மாதத் தவணைக்கு அவர் எங்கே போவார்? இன்னொரு இடத்தில் கடன் வாங்கித்தான் கட்டுவார்.

இங்கேதான் மூன்றாவது சொல் வருகிறது. 'ஜூனின் தொய்ரோ', பத்துப் பேர் பத்து நிறம். ஆளுக்கு ஆள் வேறு என்பதைக் குறை சொல்லாமல் சொல்லும் சொல் இது. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி வட்டாரத்தில் ஒரே குழுவில் தறி வீட்டுப் பெண் இருப்பார், அவருக்குக் கூலி வாரக் கணக்கு. மல்லிகைப் பூ எடுப்பவருக்கு அன்றாடம் காசு. ஆடு வளர்ப்பவர் கையில் விற்கிற அன்றுதான் பணம். கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வீட்டில் மழை வந்தால் வேலை நின்று போகும். ஆனால் வங்கிக் கடன் வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஆளுக்குச் சமமாகப் பிரித்து, ஒரே தவணை போட்டு விடுகிறோம். சண்டை வராது என்பது உண்மைதான். ஆனால் தேவை இல்லாதவர் கையிலும் பணம் போய்ச் செலவாகிறது, ஆட்டுக்கொட்டகை போட நினைத்தவருக்குப் பாதிப் பணம் கூடக் கிடைப்பதில்லை. சமமாகப் பிரிப்பது நியாயம் மாதிரி தெரியும், பல நேரம் அது பேசித் தீர்க்கச் சோம்பல்பட்டதுதான். யாருக்கு எதற்காக எவ்வளவு வேண்டும், எந்த மாதம் கட்ட முடியும் என்று கூட்டத்தில் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நேரம் ஆகத்தான் செய்யும்.

கடைசிச் சொல் ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்தது. 'ஷிச்சிதென் ஹக்கி'. ஏழு முறை விழு, எட்டு முறை எழு. "ஏழு தடவ விழுந்தா ஏழு தடவதான எந்திரிக்க முடியும், எட்டாவது எங்க இருந்து வந்துச்சு?" என்று கணக்குப் புத்தகம் எழுதும் அக்கா ஒருவர் உடனே கேட்டார். குழந்தையாக முதன்முதலில் எழுந்து நின்றதையும் சேர்த்தால் எட்டு என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அக்காவுக்கு அது திருப்தியாக இல்லை.

இந்தச் சொல்லுக்கென்றே அங்கே சிவப்பு நிறத்தில் ஒரு பொம்மை இருக்கிறது. பெயர் தருமா. நம்ம போதிதர்மர்தான். தென்னிந்தியாவிலிருந்து சீனா போனவர் என்று சீன நூல்கள் சொல்கின்றன, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது நம் பக்கத்து வழக்கு. 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்து விடும். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையும் அப்படித்தான். காரணம் ஒன்றுதான்: மேலே லேசான காகிதக்கூழ், அடியில் கனம்.

மழை பொய்த்த வருடம் மூன்று தவணை நின்று போன உறுப்பினரிடம் போய் "விழுந்தா எந்திரிக்கணும்த்தா" என்று சொல்வது சுலபம். அவர் ஏற்கனவே கூட்டத்துக்கு வரக் கூசிப் போய் வீட்டுக்குள் இருப்பார். அவருக்கு அடியில் கனமாக இருக்க வேண்டியது குழுவின் சேமிப்பு. அசல் தவணையை அறுவடை வரை தள்ளி வைத்து, வட்டியை மட்டும் வாங்கலாமா என்று குழுவே தீர்மானம் போடலாம். வங்கித் தவணையை அதுவரை உள்சேமிப்பிலிருந்து கட்டலாமா என்றும் பார்க்கலாம். அதற்கு ரொக்கப் புத்தகம் சரியாக இருக்க வேண்டும், சேமிப்பு முழுவதும் இரண்டு மூன்று பேர் கையிலேயே கடனாக நிற்கக் கூடாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் கடன் அட்டையைக் கொண்டு வாருங்கள். வீட்டில் வேறு நிறுவனத்துக் கடன் இருந்தால் அதையும் மறைக்காமல் எடுத்து வாருங்கள். பிளாட் வட்டியா, நிலுவைக்கு வட்டியா, முதலில் பிடித்தது எவ்வளவு என்று பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளின் கால்குலேட்டர் அல்லது செல்போன் ஒன்று இருந்தால் போதும்.